ஏழாவது கையெழுத்து

தை பிறக்க இரண்டு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு ஹாலில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். தங்கமணி மூன்றாவது தடவையாகக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னுமா முடியலை?" என்று கேட்டுவிட்டுப் போனாள். முடியவில்லை. முடியாததற்குக் காரணமே ஆறு பேர் இருந்தோம் என்பதுதான். ஏழு பேர் வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நவி மும்பைக்கு நான் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஆணி பிடுங்குவது ஒரு மென்பொருள் நிறுவனத்தில். எங்கள் செக்டாரில் தமிழ்க் குடும்பங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன என்பதே ரொம்ப நாள் தெரியாது. லிஃப்டில் எதிர்ப்படும் மனுஷரோடு நாலு வருஷம் இந்தியில் குசலம் விசாரித்திருக்கிறேன். இரண்டு பேரும் திருநெல்வேலி ஜில்லா என்று பிறகுதான் தெரிந்தது! அப்புறம் வாட்ஸ்அப் குழு வந்தது, மொட்டை மாடியில் பொங்கல் வந்தது, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காசு என்று ஒன்று நடுவில் வரும்வரை.

பொங்கல் வசூல் என் சொந்த வங்கிக் கணக்கில் கிடந்தது. செலவு போக மிச்சம் ரூ.11,340. ஒரு நாள் ராத்திரி குழுவில் ஒருவர், "அந்தப் பணம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் கேட்ட தொனியும், அதைப் படித்த நூற்றுச் சொச்சம் பேரில் ஒருத்தர்கூட வாயைத் திறக்காததும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் எழுந்ததும் முடிவு செய்துவிட்டேன். முறையாகச் சங்கம் பதிவு செய்வது, அதன் பெயரில் கணக்குத் திறப்பது, இந்தப் பணத்தை அதில் கொட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது.

சங்கம் பதிவு செய்ய நாம் கையில் எடுக்கும் சட்டம் எவ்வளவு பழையது தெரியுமா? 1860-ம் வருஷத்து 21-ம் எண் சட்டம். அதே 1860-ல் பிறந்த இந்திய தண்டனைச் சட்டத்தை 2024 ஜூலையோடு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கூடப் பிறந்த இந்தச் சங்கச் சட்டம் மட்டும் இன்னும் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. கர்நாடகம் 1960-லும் தமிழ்நாடு 1975-லும் தனித்தனிச் சட்டம் செய்துகொண்டன. மகாராஷ்டிரத்தில் அந்தப் பழைய சட்டமேதான், கூடவே 1950-ன் பொது அறக்கட்டளைச் சட்டமும். ஆகவே ஒரு சின்னப் பொங்கல் கூட்டத்துக்குக்கூட சாரிட்டி கமிஷனர் ஆபீஸ் படி ஏற வேண்டும்.

எதற்கெல்லாம் சங்கம் வைக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. இலக்கியம், அறிவியல், நுண்கலை, நூலகம், வாசகசாலை... நடுவே திடீரென்று 'ராணுவ அநாதைகள் நிதி' என்று வருகிறது! கம்பெனி காலத்துச் சிப்பாய்களின் பிள்ளைகள் நினைவுக்கு வந்து, படித்துக்கொண்டிருந்தவன் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது இரண்டே விஷயம். ஒன்று, குறைந்தது ஏழு பேர். இரண்டு, நிர்வாகிகளின் பெயர், முகவரி, தொழில் மூன்றையும் எழுதித் தர வேண்டும். இந்த மூன்றாவது சங்கதிதான் பிறகு எங்களைப் படுத்தியது.

ஏழாவது ஆளாக நான் சொன்ன பெயர், காலையில் சைக்கிளில் இட்லி கொண்டுவருகிறவர். பாம் பாம் என்று ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு ஏழரை மணிக்கு வருவாரே, அவர்தான். மும்பைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பின்னால் அலுமினியப் பாத்திரம் கட்டிய சைக்கிள், இட்லி, மெதுவடை, தேங்காய்ச் சட்னி. மும்பையில் எந்தத் தெருவிலும் இந்த ஹாரன் கேட்டால் ஓட்டுகிறவர் அநேகமாகத் தமிழர்தான். மராத்திப் பிள்ளைகள் "அண்ணா ஆலா, அண்ணா ஆலா" என்று கத்திக்கொண்டு கீழே ஓடும். எங்கள் முதல் பொங்கலுக்குக் கரும்பு எங்கே கிடைக்கும் என்று சொன்னவர், பெரிய அடுப்பு கொண்டுவந்தவர், கடைசியில் பாத்திரம் கழுவக்கூட நின்றவர் அவர். குழுவில் ஆரம்பத்திலிருந்து இருக்கிறார்.

அறையில் ஒரு நிமிஷம் சத்தமில்லை. பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மூத்தவர் (எல்லோருக்கும் அவர் 'மாமா'தான்) தொண்டையைச் செருமினார். "நல்ல மனுஷர், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா நாளைக்கு ஒரு மந்திரியைப் பார்க்கணும், ஒரு ஸ்பான்சர் பிடிக்கணும்னா, கமிட்டி லிஸ்ட்ல தொழில்னு ஒரு காலம் இருக்கு பாருங்கோ..." என்று நிறுத்தினார். இன்னொருவர், "'உணவுத்துறை தொழில்முனைவோர்'னு போட்டுக்கலாமே" என்றார். யாரோ சிரித்தார்கள்.

நான் அப்போது என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. "யோசிப்போம்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டேன். ரூ.11,340 விஷயத்தில் யாரும் வாய் திறக்கவில்லையே என்று குமைந்த அதே ஆள்!

அந்த வாரம் மனசு சரியில்லாமல், நமக்கு முந்தி இந்த ஊருக்கு வந்தவர்கள் எப்படித்தான் சங்கம் கட்டினார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். டில்லித் தமிழ்ச் சங்கம் 1946, பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950 என்று நமக்கெல்லாம் மேலோட்டமாகத் தெரியும். பம்பாய்க் கதை அதற்கெல்லாம் முந்தியது. ஒரே கதையும் இல்லை. சென்ட்ரல் லைன் தண்டவாளத்துக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று.

கிழக்கே மாட்டுங்கா. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெருக்கியடித்த பழைய நகரத்தை விட்டு ஜனங்களை வெளியே குடியேற்ற 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தார்கள். தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பக்கத்து நிலங்களைத் திருத்தி, அகலமான தெருவும் மரங்களுமாகத் திட்டம் போட்டார்கள். அதே காலத்தில் இங்கிலீஷும் டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர்கள் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். துறைமுகம், ரயில்வே, வெள்ளைக்காரக் கம்பெனி ஆபீஸ் என்று குமாஸ்தா வேலை. பெரும்பாலும் பிராமணர்கள். ஒரே அறையில் நாலைந்து பேர் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டார்கள். இன்றைக்கும் மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் இருக்கிற உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942-ல் ஏ. ராமநாயக் ஆரம்பித்தது. நடத்தியவர் கன்னட நாட்டவர், வரிசையில் நின்றவர்களில் முக்கால்வாசி நம்மவர்கள்.

முதலில் வயிறு. அடுத்தது சாமி. ஆஸ்திக சமாஜம் 1920களில் ஒரு பஜனைக் கூட்டமாகத்தான் தொடங்கியது, கோயில் பிற்பாடு வந்தது. அப்புறம் கல்யாணமாகிக் குடும்பம் வந்ததும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். 1932-ல் எம்.வி. வெங்கடேஸ்வரன் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். சயானில் 1960-ல் கல்லூரி, பிறகு நம்ம நேருலில் பெரிய வளாகம் என்று வளர்ந்து நிற்கிற அதே எஸ்.ஐ.இ.எஸ்.தான். பள்ளிக்கூடம் முடிந்த பிறகுதான் சங்கீதம். 1952-ல் சண்முகானந்த சபா, 1963-ல் ஏறக்குறைய 3,000 பேர் உட்காரும் அரங்கம். 1990-ல் அது தீப்பிடித்து, 1998-ல் மறுபடி திறந்தார்கள். எட்டு வருஷம் ஒரு சபா அரங்கமே இல்லாமல் உயிரோடு இருந்தது, யோசித்துப் பாருங்கள். மொட்டை மாடியில் ஷாமியானா கிடைக்கவில்லை என்று நாங்கள் ஒரு பொங்கலையே ஒத்திப்போட்டவர்கள்!

இந்தக் கிழக்குப் பக்கக் கதை நமக்கு ஓரளவு தெரிந்ததுதான். எழுதி வைத்திருக்கிறார்கள், மலர் வெளியிட்டிருக்கிறார்கள், போட்டோ மாட்டியிருக்கிறார்கள். இப்போது தண்டவாளத்தைத் தாண்டுங்கள்.

மேற்கே, சயானுக்கும் மாஹிமுக்கும் நடுவே, சதுப்பு நிலமாகக் கிடந்த தாராவி. ஆதியில் கோலி மீனவர்கள் வாழ்ந்த இடம். பாந்திராவில் ஆட்டுத்தொட்டி, அதிலிருந்து வரும் தோலைப் பதனிட ஊருக்கு வெளியே ஓர் இடம் வேண்டும், அந்த நாற்றத்தில் நின்று வேலை செய்ய ஆள் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அந்த வேலைக்கு வந்தார்கள். தாராவியின் பெரிய மசூதி 1887-ல் எழுந்தது. திருநெல்வேலி ஆதிதிராவிடர்கள் கட்டிய பிள்ளையார் கோயில் 1913-ல். வருஷத்தைக் கவனித்தீர்களா? கிழக்கே பஜனைக் கூட்டம் சேர்வதற்கு முன்னாலேயே மேற்கே கோயில் எழும்பிவிட்டது. பம்பாயில் சங்கம் கட்டிய தமிழர் என்றால் என் மனசில் அதுவரை வந்தது அங்கவஸ்திரமும் மூக்குக் கண்ணாடியும் போட்ட ஒரு மாட்டுங்கா உருவம். அதற்கு முன்னால் தோல் ஷாப்பில் கை வெந்து நின்ற மனிதர்கள் கல்லும் மண்ணும் சுமந்து அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டார்கள்.

அவர்களுக்கும் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தாராவிக்குள் காமராஜர் பெயரிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. அரசியலும் அங்கே சூடாக இருந்தது. 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய் வந்து அம்பேத்கரையும் ஜின்னாவையும் சந்தித்தார் என்று பாடப்புத்தக பாணியில் படித்திருக்கிறோம். அந்தப் பெயர்களையெல்லாம் தூரத்துச் செய்தியாக இல்லாமல், தன் தெருவுக்கு வந்த ஆட்களாக நினைத்த தமிழர்கள் இந்த ஊரில் இருந்தார்கள்.

இரண்டு பக்கத்தையும் ஒரே பெயரில் கூப்பிட்டவர்கள் வெளியாட்கள்தான். எல்லாரும் 'மதராஸி'. 1960 மே முதல் தேதி மகாராஷ்டிரம் தனி மாநிலமானது. அதே வருஷம் தொடங்கிய 'மார்மிக்' பத்திரிகை கம்பெனிகளில் இருந்த தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களை வரிசையாக அச்சிட்டது. 1966-ல் சிவசேனை வந்தது. வேட்டி கட்டினவனை விரட்டு என்று கோஷம் போட்டார்கள். உடுப்பி ஹோட்டல்களில் கல் விழுந்தது. கல் எறிந்தவன் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து எறியவில்லை. அப்போதாவது இரண்டு பக்கமும் ஒரே கூரைக்குக் கீழே வந்தார்களா என்று தேடினேன். எனக்குக் கிடைத்த பக்கங்களில் அப்படி ஒன்றைப் பார்க்கவில்லை. மாட்டுங்காவாசிகள் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று பரவினார்கள், போன இடமெல்லாம் கோயிலும் சபாவும் வைத்தார்கள். (செம்பூர் செட்டா நகரில் முருகனுக்குத் 'திருச்செம்பூர்' என்றே ஊர்ப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். எந்த மகானுபாவனின் யோசனையோ, அபாரம்!) 1970-ல் சிட்கோ ஏற்பட்டு நவி மும்பை முளைத்து, 1992-ல் வாஷிக்கு ரயில் வந்த பிறகு எங்களைப் போன்ற மூன்றாவது அலை. ஊர் புதிது, கட்டடம் புதிது, சதுப்பை மேடாக்கி எல்லாக் கோட்டையும் புதிதாகப் போட்ட நகரம். பழைய தண்டவாளத்தை மட்டும் யாருக்கும் தெரியாமல் மடித்து எடுத்துவந்து என் வீட்டு ஹாலில் விரித்துவிட்டோம் என்று அந்த வாரம் எனக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலை ஹாரன் சத்தம் கேட்டதும் நானே பாத்திரத்தோடு கீழே போனேன். பதினெட்டு வருஷத்தில் அவரிடம் விலை தவிர வேறு எதுவும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தாத்தா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தோல் ஷாப்புக்கு வந்தவராம். இவர் பிறந்தது தாராவி, தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால். கல்யாணத்துக்கு அப்புறம் துர்பேயில். அவர்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்ததாம், மாசாமாசம் ஆளுக்கு இவ்வளவு என்று வசூல். யாராவது இறந்துபோனால் அந்தப் பணம்தான் முதலில் வெளியே வருமாம். "ரெண்டு வருசம் நான்தான் சார் கணக்கு எழுதினேன். ஒரு ரூவா இடிக்காது" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். மாமா சொன்னதை மட்டும் சொல்லவில்லை. "ஆதார், அட்ரஸ் புரூஃப், போட்டோ வேணும்" என்று இழுத்தேன். மறுநாள் இட்லிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர். ஆதார், பான், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, துர்பே வீட்டுப் பத்திரம், கரண்ட் பில் எல்லாம் மூன்று மூன்று பிரதி, எல்லாவற்றிலும் கையெழுத்து. ஆறு படித்த மேதாவிகள் நாங்கள் பத்து நாளாக முகவரிச் சான்று தேடிக்கொண்டிருந்தோம்! "தாராவில பொறந்தவன் சார். காயிதம் இருந்தாத்தான் வீடு. என்னைக்கு யார் வந்து கேப்பாங்கன்னு தெரியாதுல்ல" என்று சிரித்தார். தாராவி மறுசீரமைப்பு ஏலம் 2022-ல் அதானி குழுமத்துக்குப் போனதிலிருந்து அவருடைய அண்ணன் குடும்பம் இதே மாதிரி ஒரு கவரை வைத்துக்கொண்டு காத்திருக்கிறதாம். யார் எந்த வருஷத்துக்கு முன்னால் குடியிருந்தார் என்பதில்தான் அங்கே எல்லாம் இருக்கிறது.

படிவத்தில் தொழில் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். "இங்க என்ன சார் போடணும்?"

எனக்கு வாய் வரவில்லை. "நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். எங்கள் ஊரில் மரியாதைக்குரிய பெரியவரை வேறு எப்படிக் கூப்பிடுவோம்? ஆனால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து அவருக்கு வந்தது அன்றைக்குத்தான்.

"இட்லி வியாபாரம்னே போடுங்க."

போட்டேன். சனிக்கிழமை மறுபடி ஹால், மறுபடி காபி. இந்தத் தடவை அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார். மாமா வரவில்லை. தனக்குப் பேரன் பள்ளி, உடம்பு, வயசு என்று குழுவில் ஒரு நீளமான செய்தி மட்டும் அனுப்பியிருந்தார். கடைசி வரி, 'அனைவருக்கும் நல்வாழ்த்துகள்'. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். மார்மிக் பட்டியலில் தன் மேலதிகாரியின் பெயர் வந்ததை எங்களுக்குச் சொன்னவரே அவர்தான்.

ஆக, எண்ணிப் பார்த்தால் மறுபடியும் ஆறு பேர்!

எல்லாரும் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கமணி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "ரெண்டு வருஷமா சனிக்கிழமை தவறாம பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாங்களே, அந்த டீச்சரை ஒருத்தராவது கேட்டீங்களா? ஆம்பளைங்களாவே எண்ணிட்டிருந்தா எங்கேருந்து ஏழு வரும்?" என்றாள்.

அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார்.

டீச்சர் மதுரைக்காரர், இரண்டு கட்டடம் தள்ளி இருக்கிறார். உடனே சம்மதிக்கவில்லை. "கையெழுத்துக்கு மட்டும்னா வேற ஆளைப் பாருங்க. பொருளாளர்னா வர்றேன்" என்றார். யாரும் பொருளாளராக இருக்க ஆசைப்பட்ட கூட்டம் இல்லை அது, ஆகவே ஏகமனதாக நிறைவேறியது. பெயரில் 'தமிழ்' போடலாமா, 'தென்னிந்திய' என்று பாதுகாப்பாகப் போடலாமா என்று ஒன்றரை மணி நேரம் அடித்துக்கொண்டோம். தமிழே ஜெயித்தது. நோக்கங்களில் மொழி, கலை, நூலகம் எல்லாம் எழுதிய பிறகு, இறப்பு நேர்ந்தால் உதவி என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் அண்ணாச்சி. அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சேர்த்தோம்.

பதிவெண் வர நாலு மாசம் ஆனது, நடுவில் இரண்டு தடவை திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தொழில் காலத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. வங்கிக் கணக்குத் திறந்த அன்று ரூ.11,340-ஐ என் கணக்கிலிருந்து மாற்றினேன். ரசீது எண் 1. டீச்சர் எழுதினார், அண்ணாச்சி ஒரு தடவை எண்களைச் சரிபார்த்தார், அப்புறம்தான் கிழித்துக் கொடுத்தார்கள்.